யன்னல்களைச் சாத்தி வைத்திருந்த மாதம்

வவுனியாவில் நான்கு வருடங்களில் மூன்று வாடகை வீடுகள் மாறினோம். எங்களை யாரும் துரத்தவில்லை. துரத்தியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். முதல் வீட்டுக்காரர், மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், வீடு தேவை என்றார். இரண்டாவது வீட்டுக்காரர், கூரை மாற்ற வேண்டும் என்றார். மூன்றாவது வீட்டு அம்மா மட்டும்தான் உள்ளதைச் சொன்னார்.

“ரீச்சர், உங்களில எனக்கு ஒரு கோவமும் இல்லை. பிள்ளை கத்தேக்க என்ர மனுசனுக்குப் பிரஷர் ஏறுது. நான் என்ன செய்ய?”

சொல்லிவிட்டு அவரே அழுதார். நான்தான் தேற்றி அனுப்பினேன்.

எங்கள் மகளுக்கு அப்போது பதினொரு வயது. பேச்சு வரவில்லை. ஓட்டிசம் என்று வைத்தியர்கள் சொல்லி எட்டு வருடமாகிவிட்டது. பசித்தால் என் கையைப் பிடித்துக் குசினிக்கு இழுத்துப் போவாள். சந்தோஷம் வந்தால் விரல்களை முகத்துக்கு முன்னால் ஆட்டிக்கொண்டு சிரிப்பாள். தாங்க முடியாத ஏதோ ஒன்று வந்துவிட்டால் கத்துவாள். பிள்ளைகள் அழும் சத்தம் போல அது இராது. கேட்பவர்கள் உள்ளே யாரையோ கொல்கிறார்கள் என்று நினைப்பார்கள். சில நாள் ஐந்து நிமிடம், சில நாள் ஒரு மணித்தியாலம்.

மாங்குளத்துக்கு அப்பால் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு எனக்கு இடமாற்றம் வந்தபோது, மூன்றாவது வீட்டைக் காலி செய்ய இரண்டு வாரம்தான் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிள் தூரத்தில், கனகராயன் ஆற்றை ஒட்டிய சின்னப் பட்டணத்தில் வீடு தேடினோம். ஒரு சந்தி, ஏழெட்டுக் கடைகள், ஒரு கோயில், அதற்குப் பிறகு மருத மரங்களும் ஆறும்தான். பகல் பன்னிரண்டு மணிக்கு வீதியில் நின்றால் தூரத்து வயலில் ஓடும் உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்கும். வேறு ஒன்றும் கேட்காது.

வீடு பார்க்க நானும் கணவரும் போயிருந்தோம். அந்த அமைதியைக் கேட்டதும் மகளின் சத்தத்தைத்தான் நினைத்தேன். வவுனியாவில் பஸ் சத்தமும் லொறிச் சத்தமும் மகளின் சத்தத்தில் பாதியை விழுங்கிக்கொள்ளும். இங்கே அவள் ஒருமுறை கத்தினால் அக்கரைக்குக் கேட்கும்.

“இஞ்ச சரிவராது,” என்று கணவரிடம் சொன்னேன்.

“வேற எங்க சரிவரும்? சொல்லும் பாப்பம்,” என்றார் அவர்.

வீட்டுக்காரி அறுபது வயதை நெருங்கிய விதவை. சின்ன வயதில் பெற்றோருடன் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். பேச்சில் மலையும் வன்னியும் கலந்திருக்கும். கொழும்பில் மணமுடித்திருந்த மகள் கட்டிய வீட்டைத்தான் வாடகைக்கு விட்டார். அதே வளவின் பின்பக்கத்தில் பழைய சின்ன வீட்டில் தான் இருந்துகொண்டு, கச்சான் கடலையும் மிளகாயும் போட்டுப் பிழைத்தார். எங்களுக்கு வீட்டைத் திறந்து காட்டினார். முன்பக்கத்தில் கூரை இறக்கிய திறந்த பத்தியைக் கண்டதும் கணவரின் முகம் மலர்ந்தது. அவர் தண்ணீர் பம்ப் திருத்துகிறவர். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் மகளைப் பார்த்துக்கொள்வதற்காக வீட்டிலிருந்தே வேலை செய்தார்.

“எத்தினை புள்ளைங்க?” என்று வீட்டுக்காரி கேட்டார்.

“ஒரு பொம்பிளைப் பிள்ளை.”

“படிக்குதா?”

“வீட்டிலதான் இருக்கிறா. அமைதியான பிள்ளை,” என்றேன்.

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று படிப்பிக்கிறவள் நான். கணவர் தலையைக் குனிந்துகொண்டு பத்தியின் தூணைத் தட்டிப் பார்த்தார்.

குடிவந்த அன்றே எல்லா யன்னல்களையும் சாத்தினேன். வன்னி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே. இடுக்குகளில் பழைய துணியை அடைத்தேன். றேடியோவை விடிந்ததிலிருந்து ஓடவிட்டேன். மகள் முகத்தைச் சுளித்தால் போதும், நானும் கணவரும் ஆளுக்கொரு பக்கமாக ஓடுவோம். அவள் கத்தும்போது அணைத்துப் பிடித்துக்கொண்டு, “இல்லையம்மா, இல்லையம்மா” என்று அவளுடைய வாயருகே கையைக் கொண்டுபோன நாட்களும் உண்டு. மூடவில்லை. ஆனால் கொண்டுபோனேன்.

வெயில் தாழ்ந்த பிறகு அவளை ஆற்றுக்குக் கூட்டிப் போவோம். அங்கே மட்டும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. தண்ணீர் முழங்காலளவு ஓடும் மணல் துறையில் அவள் குந்தியிருந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளி விடுவாள். ஒரு மணித்தியாலம் அப்படியே இருப்பாள். ஆட்கள் குளிக்க வந்தால் நாங்கள் எழும்பிப் போய்விடுவோம். யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம்.

இதற்கிடையில் வீட்டுக்காரி என் கணவரோடு முகங்கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் காலையில் கும்பிட்டாலும் பார்க்காதது போலப் போவார். என்னைக் கண்டால் நின்று, மேலும் கீழும் பார்த்து, “நீ நல்லா இருக்கியாம்மா?” என்று கேட்பார். கேட்ட விதம் எனக்கு விளங்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, மகள் தேநீர் குடிக்கும் நீலக் கோப்பை என் கையிலிருந்து நழுவி உடைந்தது. அவள் துண்டுகளைப் பார்த்தாள். பிறகு தொடங்கினாள். றேடியோவைக் கூட்டினேன். அது அவளுடைய சத்தத்தை இன்னும் கூட்டியது. நிறுத்தினேன். கணவர் அவளைப் பிடிக்கப் போனார். சத்தம் அரை மணித்தியாலத்தைத் தாண்டியபோது கதவை யாரோ இடித்தார்கள். தட்டவில்லை, இடித்தார்கள்.

“கதவைத் தொறங்க! இப்பத் தொறக்கப்போறீங்களா இல்லையா?”

திறந்தேன். வீட்டுக்காரி கச்சான் கொத்திக்கொண்டிருந்த மண் கையோடு நின்றார். என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கணவரைப் பார்த்து, “தள்ளி நில்லுங்க,” என்றார். மகளுக்கு முன்னால் குந்தியிருந்து, அவளுடைய சட்டைக் கையை மெல்ல உயர்த்தி முழங்கை வரை பார்த்தார். மற்றக் கையையும் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். அவர் காயம் தேடுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மகளின் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. வீட்டுக்காரி நிமிர்ந்தபோது கணவரின் கைகள் கண்ணில் பட்டன. மணிக்கட்டிலிருந்து மேலே முழுவதும் நகக்கீறல். இரண்டு இடத்தில் பல் பதிந்திருந்தது.

“அப்ப அடி வாங்குறது நீங்களா?” என்றார்.

கணவர் கைகளைப் பின்னால் மறைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சு வராதது, வைத்தியர்கள் சொன்னது, வவுனியாவில் மூன்று வீடு, நான் சொன்ன பொய், யன்னல்கள். சொல்லச் சொல்ல மகளின் சத்தம் தேய்ந்துகொண்டு வந்தது.

வீட்டுக்காரி நிலத்தில் இருந்துவிட்டார். “ஒரு மாசமா எனக்குத் தூக்கமில்ல. யன்னலெல்லாம் சாத்தி வச்சு இந்த மனுசன் புள்ளயப் போட்டு அடிக்கிறார்னு நெனச்சேன். விதானைகிட்டயும் சொல்லிட்டேன். திங்கக்கிழமை வந்து பாக்கிறேன்னு சொல்லியிருக்கார்.”

விதானை என்றால் ஊரின் கிராம அலுவலர்.

“மொதல்லயே சொல்லியிருக்கலாமே அம்மா?”

“சொன்னா வீடு தந்திருப்பீங்களோ?” என்று கேட்டேன்.

“தெரியல. யோசிச்சிருப்பேன்,” என்றார். “வேணாம்னு கூடச் சொல்லியிருப்பேன். இப்ப குடுத்தாச்சே. என்ன பண்றது?” எழும்பி, மண் கையைச் சேலையில் துடைத்தார். “மொதல்ல இந்த யன்னலத் தொறங்க. புள்ள வேர்த்துக் கெடக்கு.”

அவர் போன பிறகு கணவர் கதிரையில் இருந்து சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். “என்னைப் பாத்தா பிள்ளைக்கு அடிக்கிற ஆள் மாதிரியே இருக்கு?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். நான் துணிகளைப் பிடுங்கி யன்னல்களைத் திறந்தேன். ஆற்றுக் காற்று உள்ளே வந்தது. ஒரு மாதமாக இந்தக் காற்றுக்குத்தான் நாங்கள் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை விதானை வரவில்லை. செவ்வாய்க்கிழமை சந்திக் கடைக்குப் போனபோது கடைக்கார அக்கா, “ரீச்சர், மகளுக்கு நீலக் கோப்பை தேடுறீங்களாம். வவுனியாவுக்கு ஆள் போகேக்க சொல்லிவிடட்டோ?” என்று கேட்டார். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. வீட்டுக்காரி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்! நேரே போய்க் கேட்டேன்.

அவர் மிளகாய்க் கன்றுகளுக்குள்ளிருந்து நிமிர்ந்தார். “பின்ன? ஒங்க வீட்டுக்காரரப் பத்தி விதானைகிட்டயும் ஊர்க்காரங்ககிட்டயும் தப்பாச் சொன்னவ நான். அதத் திருத்தணும்னா உள்ளதச் சொல்லித்தானே ஆகணும்?”

ஊருக்குத் தெரிந்ததால் எது கெட்டது என்று யோசித்தபடி திரும்பி வந்தேன். சிலர் வேடிக்கை பார்த்தார்கள்தான். கோயிலில் ஒரு பெண் மகளைக் கண்டதும் தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அது வலித்தது. ஆனால் துறைக்கு ஆட்கள் வந்தால் நாங்கள் எழும்பி ஓடுவது நின்றது.

அடுத்த வருடம் தை மாதம், மாரி வெள்ளம் வற்றியும் வற்றாமலும் இருந்த நாட்களில் ஒன்று. நான் ஐந்தாம் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கணவர் போனில் அழைத்தார்.

“பிள்ளையைக் காணேல்லை.”

திருத்திய பம்பை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். சத்தம் பிடிக்காமல் அவள் வீட்டின் மறுபக்கம் போயிருக்கிறாள். பம்ப் வாங்க வந்தவர் படலையைச் சாத்தாமல் விட்டிருக்கிறார். பத்து நிமிடத்துக்குள் ஆளில்லை. நான் அதிபரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அந்தப் பருவத்தில் ஆற்றில் முதலை நடமாட்டம் உண்டு. துறையில் தண்ணீர் அவளுடைய மார்பளவுக்கு மேல் இருக்கும். அவளுக்கு நீந்தத் தெரியாது. கூப்பிட்டால் பதில் சொல்லவும் தெரியாது.

சந்தியை அடைந்தபோது கடைக்கார அக்கா வீதிக்கு நடுவில் நின்று கையைக் காட்டினார். “மீன்காரர் போன் பண்ணினவர். ஆத்தடியில நிக்கிறாவாம். ஒண்டுமில்லையாம், ரீச்சர். பதறாமல் போங்கோ.”

மீன்காரர் முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி. வாரத்தில் மூன்று நாள் எங்கள் படலையில் ஹோர்ன் அடிப்பவர்.

ஆற்றடிக்குப் போனபோது கணவர் எனக்கு முன்னமே வந்து, மருத மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தபடி நின்றார். கரையில், தண்ணீர் விளிம்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி மகள் குந்தியிருந்தாள். அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் மீன்காரர் இருந்தார். காற்சட்டையின் கீழ்ப்பக்கமெல்லாம் நனைந்திருந்தது. மீன் பெட்டியிலிருந்த ஐஸ்கட்டிகளை ஒரு தட்டில் கொட்டி அவளுக்கு முன்னால் வைத்திருந்தார். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தொட்டாக் கத்துவாவெண்டு உங்கட வீட்டுக்கார அம்மா சொல்லியிருக்கிறா,” என்றார் என்னைக் கண்டதும். “அதால நான் தொடேல்லை, தங்கச்சி. தண்ணிக்கு இறங்கப் பாத்தா. நான் முன்னால வந்து இருந்திட்டன். ஐஸைக் கண்டவுடன அவாவும் இருந்திட்டா.”

கணவர் மணலில் தொப்பென்று இருந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“அல்ஹம்துலில்லாஹ். அழாதேங்கோ தம்பி,” என்றார் மீன்காரர். பிறகு பெட்டியை எட்டிப் பார்த்து, “ஐஸ் முடிஞ்சுது. இந்த மீன் இனி மத்தியானம் வரைக்கும் தாங்காது. கெதியா வித்திட்டு வாறன்,” என்று மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

நாங்கள் உடனே வீட்டுக்குப் போகவில்லை. அவள் எழும்பும் வரை அங்கேயே இருந்தோம். கணவர் ஒரு பக்கம், நான் மற்றப் பக்கம். அவள் கடைசி ஐஸ்கட்டியை என் உள்ளங்கையில் வைத்தாள். அது கரைந்து முடியும் வரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.