‘ஒருவேளை’யை அழித்த நாள்

தயாரித்த கம்பெனியே மூடிப்போன பழைய இயந்திரங்களின் புரோகிராமைப் பிரித்துப் படிப்பது என் வேலை. எழுதியவர் வைத்த பெயர்கள் எதுவும் அதில் மிஞ்சியிருக்காது, வெறும் எண்கள்தான் இருக்கும். அடுத்தவர் செய்ததை ஊகித்தே காலம் தள்ளுகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

திரை முழுக்கச் சந்தேகம்

தீவில் இருக்கும் எங்கள் ஜார்ஜ் டவுன் ஆபீஸில் நானும் பிரகாஷும்தான் இந்த வேலைக்கு. புரோகிராமின் எந்தத் துண்டு என்ன செய்கிறது என்று ஊகித்து நாங்களே பெயர் வைப்போம். நிச்சயமில்லாத பெயருக்கு முன்னால் ‘ஒருவேளை’ என்று சேர்ப்போம். இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அதை எடுக்கலாம். இது எங்களுக்குள் ஒரு சத்தியம் மாதிரி.

அக்கரையில் புக்கிட் தெங்கா தொழிற்சாலை ஒன்றின், தகட்டை அழுத்தி வடிக்கும் பிரஸ் இயந்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் முதலாளி அம்மா திரையை எட்டிப் பார்த்தார். கஸ்டமர் வருகிற நேரம். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, எல்லா ‘ஒருவேளை’யையும் அழித்துவிட்டேன். பிறகு திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். போடவில்லை. அவர் கேட்டது இவ்வளவுதான்:

“எல்லாமே ஒருவேளைன்னா, கஸ்டமர்கிட்ட நான் என்னத்தலா காட்டுறது?”

முப்பது ஐந்தானது

அப்படி ‘ஒருவேளை சும்மா காத்திரு’ என்றிருந்தது வெறும் ‘சும்மா காத்திரு’ ஆனது. பிரஸ் மேலே ஏறியதும் முப்பது வரை எண்ணிவிட்டு, அதாவது மூன்று விநாடி கழித்து, பாதுகாப்புக் கதவைத் திறக்கும் துண்டு அது. தொழிற்சாலையில் வேகம் கூட்டச் சொன்னார்கள். பெயரை நம்பிய பிரகாஷ் முப்பதை ஐந்தாக மாற்றி, காலையில் அங்கே இயந்திரத்தில் ஏற்றுவதற்கு எடுத்துப் போய்விட்டார்.

மறுநாள் காலை மீதியைப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பிரஸ் நின்றுவிட்டதா என்று பார்க்க அதில் வேறு வழியே இல்லை. அந்த மூன்று விநாடிதான் பாதுகாப்பு. உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள்; பிரகாஷின் போன் தொழிற்சாலை லாக்கரில் அடித்துக்கொண்டே இருந்தது. வாசல் காவலரைப் போனில் பிடித்து பிரஸ்ஸை நிறுத்தச் சொன்னேன்.

“உள்ள பதினாலு பிரஸ் ஓடுது பாஸ், எதைலா நிறுத்தச் சொல்றது?”

எத்தனையாவது பிரஸ் என்று எனக்கும் தெரியாது.

பத்து விரல்

அக்கரைக்குப் போகும் பாலத்தில் நெரிசல். கெரெத்தாவுக்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்து, யாருடைய கையோ போய்விட்டது என்றே முடிவுகட்டி அழுதேன். தொழிற்சாலைக்குள் ஓடினால் பதினாலில் அந்த ஒரு பிரஸ் மட்டும் நின்றிருந்தது. பக்கத்தில் அதை ஓட்டுகிற, பாகான் டாலாமிலிருந்து வரும் சரோஜா அக்கா துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்து விரலையும் எண்ணினேன். கதவு சீக்கிரம் திறந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டாராம். கையை ஏன் உள்ளே விடவில்லை என்று கேட்டேன்.

“பதினெட்டு வருஷமா மூணு எண்ணித்தான் கைய விடுறேன் தம்பி. கதவ யாரு நம்புறா?”

இப்போது ஒரு ‘ஒருவேளை’யை அழிக்க வேண்டுமென்றால் முதலில் புக்கிட் தெங்காவுக்குப் போய் சரோஜா அக்காவின் பக்கத்தில் நின்று நானும் மூன்று எண்ணிவிட்டு வருகிறேன்.