மாரிகுப்பத்து ஆப்பிரிக்கா

கோலார் தங்கவயலின் ஊரிகம் லைன் வீடுகளில் ஜாக்கெட் தைக்கிறவர்கள் பலர் உண்டு. அளவு ஜாக்கெட்டைக் கையில் கொடுத்த பிறகும் அதை நம்பாமல், ஆளை நிற்கவைத்து டேப் பிடிக்கிறவள் நளினி ஒருத்திதான். "இது உன்னுதுதானா?" என்று வேறு கேட்பாள். பால்காரர் ஊற்றிய பாலை அவர் எதிரிலேயே மோந்து பார்ப்பாள். அப்படி ஒரு பிறவி. இவளிடம் போய், புருஷன் ஆப்பிரிக்காவில் யானைப் படம் எடுக்கிறான் என்றால் நம்பிவிடுவாளா?

புருஷன் ரூபேஷ் பெங்களூரில் கேமரா ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவன். தினமும் ரயிலில் போய்வருவான். அங்கே பழக்கமான கிரண் என்ற புகைப்படக்காரர், வசதியுள்ளவர்களை ஆப்பிரிக்கக் காடுகளுக்குப் படம் எடுக்க அழைத்துப் போகிறவர். காட்டுப் புழுதி லென்சுக்குள் புகுந்தால் கழற்றித் துடைக்க ஓர் ஆள் வேண்டுமென்று இவனைக் கூட்டிப்போனார். போன இடத்தில் ரூபேஷ் சும்மா இருக்கவில்லை. கிரணின் பழைய கேமராவை வாங்கிச் சொந்தமாக எடுக்க ஆரம்பித்தான். எல்லாம் கறுப்பு வெள்ளை. யானையின் முதுகு மட்டும், புல்வெளியில் ஒற்றை மரம் மட்டும் என்று. கெட்டியான பருத்திக் காகிதத்தில் ஆளுயரம் அச்சிட்டுப் பெரிய வீட்டுச் சுவர்களில் மாட்டுவார்களே, அந்தத் தரம் என்று கிரணே சொன்னார். பெங்களூரில் அவர் நடத்தவிருந்த கண்காட்சியில் ரூபேஷுக்கும் ஒரு சுவர் என்று பேச்சு. மெக்கானிக் என்ற பெயர் மாறிவிடும் என்று ரூபேஷ் அதையே நம்பியிருந்தான்.

நளினியின் நம்பிக்கை வேறு பக்கம் போனது. முதலில் ஸ்வெட்டர். ஆடி மாதம் வீடியோ காலில் வந்தவன் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக நின்றான்.

"ஆப்பிரிக்கால இன்னா குளிரு?"

"இங்க இப்பத்தான் நளினி குளிர்காலம்."

"ஆடி மாசத்துலயா? யாருக்குக் காது குத்தறே?"

அடுத்தது, கிரண் ஊர் திரும்பிய செய்தி. கூட்டிப்போனவர் வந்துவிட்டார், கூடப் போனவன் வரவில்லை. சாமான்களை அனுப்பிவிட்டு வருவதற்காக ஜோகனஸ்பர்க்கில் தங்கியிருப்பதாகச் சொன்னான். பேசும்போது பின்னால் ரயில் கூவியது. பெங்களூரில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறான் என்று நளினி முடிவே கட்டிவிட்டாள். அழுதாள், சாப்பாட்டை வெறுத்தாள், ஜாக்கெட் ஒன்றுக்குக் கையை மாற்றித் தைத்தாள்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. மேலே மேசைபோலத் தட்டையான ஒரு வெளிறிய மலை. பக்கமெல்லாம் மழைத்தண்ணீர் அறுத்த ஆழமான கோடுகள். அடியில் குட்டை, குட்டையில் ஒரு கொக்கு, ஓரத்தில் ஒரு மரம். கீழே, 'எங்க எடுத்தேன், சொல்லு பாக்கலாம்?' என்று கேட்டிருந்தான்.

சொல்லவும் வேண்டுமா? சயனைடு போட்டுத் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய கல்மாவைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த சைனைட் மலை அது. அவள் சின்ன வயதில் தகரத்தில் உட்கார்ந்து சறுக்கிய மலை. பங்குனிக் காற்றில் அதன் தூள் சோற்றில் விழாத வீடு இந்த ஊரில் இல்லை. இப்படியொரு மலை உலகத்தில் வேறெங்கும் இருக்க முடியாது என்பதில் கோலார் தங்கவயல்காரர் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற நளினிக்கும் அதில் மட்டும் சந்தேகம் வரவில்லை.

பக்கத்து வீட்டு அமலாவை இழுத்துக்கொண்டு மாரிகுப்பம் போனாள். போனைக் கையில் பிடித்தபடி மலையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"யக்கா, இந்தப் பக்கம் கோடு சரியாத்தான் கீது. மரத்தக் காணோமே?" என்றாள் அமலா.

"வெட்டிட்டிருப்பானுங்க."

"கொளத்தக் காணோம்."

"வெயில்ல காஞ்சிருக்கும், வா."

மறுநாள் கிரணிடமிருந்து போன் வந்தது. ரூபேஷ் விமானத்தில் இருக்கிறான், கண்காட்சிச் சுவரில் போட அவனைப் பற்றி நாலு வரி வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார். அந்த மலைப் படமும் உண்டா என்று நளினி விசாரித்தாள். அதுதான் முதல் படம் என்றார். நளினிக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. அது ஆப்பிரிக்கா இல்லை, எங்கள் ஊர் சைனைட் மலை, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று பளிச்சென்று சொல்லிவிட்டாள். கிரண் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ரூபேஷ் விமான நிலையத்திலிருந்து நேராகக் கண்காட்சிக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கு வந்தான். தோளில் சுருட்டிய படங்கள். முகம் செத்திருந்தது.

"எல்லாத்தையும் எறக்கிட்டாங்க நளினி. ஒண்ணு டூப்புன்னா ஜனங்க எல்லாத்தையும் டூப்புன்னுதான் சொல்வாங்களாம். எவனோ நம்ம ஊரான் சொல்லிக்கீறான், யாருன்னு கிரண் சொல்லமாட்டேன்றாரு. வேற ஊர்க்காரனுக்கு அந்த மலை தெரியாதே." தண்ணீர்கூடக் குடிக்காமல் கேமராவைத் திறந்தான். "ஜோகனஸ்பர்க்லயும் கோல்டு மைன்ஸுதான். அங்கயும் இதே மலை. நீ பாத்தா இன்னா சொல்வேன்னு ஓடி ஓடி எடுத்தேன். இவரப் பாரு, அங்க ஷாஃப்ட்ல எறங்கினவரு. உங்கப்பா இருமறாப்பலயே இருமுறாரு."

படத்தில் ஒரு கறுப்புக் கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின்னால் அதே மலை, அதே கோடுகள், அதே குட்டை, மரம். நந்திதுர்க் சுரங்க ஷாஃப்டில் உழைத்து, இருமி இருமியே போன தன் அப்பாவை நினைத்து நளினிக்கு அழுகை முட்டியது. அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"சொன்னது நான்தாங்க."

ரூபேஷ் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். கேமராவை மூடினான்.

"இத்தினி நாளா நான் எங்க இருந்தேன்னு நெனச்சினு இருந்தே?"

அவள் கண் பெங்களூர் ரயில் போகிற பக்கம் திரும்பியது. அவனுக்குப் புரிந்துவிட்டது.

அன்றே கிரணுக்குப் போன் செய்து மன்றாடினாள். அவர் வருத்தப்பட்டார். அந்தச் சுவரில் வேறொருவரின் சிங்கங்களை மாட்டியாகிவிட்டது, அடுத்த கண்காட்சியில் பார்க்கலாம் என்றார்.

ரூபேஷ் மறுபடி ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கிறான். படங்கள் தவறாமல் வருகின்றன. யானை வருகிறது, ஒட்டகச்சிவிங்கி வருகிறது, புல்வெளி வருகிறது. ஊரை நினைவுபடுத்துகிற மாதிரி ஒன்றும் வருவதில்லை. எங்கே எடுத்தேன் சொல்லு என்ற கேள்வியும் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே, அவன் நிற்கிற இடத்தைக் காட்டும் லொகேஷனும் சேர்ந்து வருகிறது. அவள் கேட்கவேயில்லை.