பாதை போயிரும்

கிண்ணியாவில் என் வயதுக்காரர் யாரிடமாவது 'பாதை எங்கே?' என்று கேட்டுப் பாருங்கள். வழி காட்டமாட்டார்கள். 'அது எப்பவோ நிண்டுட்டே' என்பார்கள். எங்களுக்குப் பாதை என்றால் தரையில் கிடப்பதல்ல, தண்ணீரில் மிதப்பது. ஆட்களையும் சைக்கிள்களையும் லொறியையும் ஆட்டுக்குட்டியையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் பெரிய தட்டையான படகு. பாலம் கட்டியபிறகு அது இல்லாமல் போனது. சொல் மட்டும் எங்கள் வீட்டில் மிஞ்சியது. அதற்குக் காரணம் வாப்பா.

பள்ளிக்கூட விடுமுறையில் திருகோணமலை டவுனுக்குக் கார்னிவல் வரும். வாப்பா சந்தையில் இருந்த தன் வெங்காயக் கடையை மத்தியானத்தோடு மூடிவிட்டு உம்மாவையும் மூத்தவள் ராத்தாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு புறப்படுவார். பாதையில் கடந்து, அக்கரையில் பஸ் பிடித்து, மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது வெயில் கொளுத்தும். அந்த நேரத்தில் கார்னிவல் பாதி நித்திரையில் இருக்கும். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற வீரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். மரக்குதிரைகள் மட்டும் சுற்றும், அதுவும் யாராவது கையால் தள்ளினால்தான். ராத்தாவும் நானும் அதில் ஏறுவோம். வாப்பா பஞ்சுமாதிரித் தும்பு முட்டாசு வாங்கித் தருவார். அது வெயிலில் உருகி முழங்கைவரை ஒட்டும்.

மைதானத்தின் நடுவில் பெரிய ராட்டினம் நிற்கும். சும்மா நிற்கும். பொழுதுபட்டு, சனம் சேர்ந்து, லைட் போட்டால்தான் அது சுற்றும். அதன் கம்பிகளில் நெருக்கமாகப் பல்புகள் கட்டியிருப்பார்கள். அவை எரிந்து நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. இதோ போடப்போகிறான், இதோ போடப்போகிறான் என்று அண்ணாந்து நிற்கும் நேரம் பார்த்து வாப்பாவின் கை தோளில் விழும்.

"வாங்க, வாங்க. பாதை போயிரும்."

கடைசிப் பாதை போனால் போனதுதான். அந்த யுத்தக் காலத்தில் இருட்டியபிறகு பெண் பிள்ளைகளோடு வழியில் நிற்க யாரும் துணியமாட்டார்கள். எந்தச் சோதனைச் சாவடியில் யார் என்ன கேட்பார்கள் என்ற கவலையெல்லாம் பெரியவர்களுக்கு. எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வாப்பா சந்தோசத்தைப் பாதியில் அறுக்கிற ஆள். ராத்தா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். நான் தரையில் காலை உதைத்து அழுவேன். ஒருமுறை அப்படி இழுபட்டுத் துறைக்கு வந்தால் பாதை இன்னும் மறுகரையிலேயே நிற்கிறது. "பாருங்க, இன்னும் வரவே இல்ல!" என்று கத்தினேன். வாப்பா தன் செருப்புகளைக் கழற்றிச் சுடுமணலில் போட்டு அவற்றின்மேல் என்னை இருத்தினார். கடலை உரித்துத் தந்தார்.

பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் அந்தச் சொல்தான். குளிக்கப் பிந்தினாலும் பாதை போயிரும், சோறு ஆறினாலும் பாதை போயிரும். ராத்தாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் சுணங்கியபோது உம்மாவே அதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தார். பாலம் திறந்தபிறகும் நாங்கள் அதை விடவில்லை.

இப்போது உம்மா இல்லை. வாப்பாவுக்கு மறதி நோய். சில நாள் என்னை மகன் என்பார், சில நாள் கடையில் மூட்டை இறக்க வந்தவன் என்று நினைத்து விரட்டுவார். கிண்ணியாவை விட்டு எங்கேயோ வந்துவிட்டோம் என்று சொந்த வீட்டுக்குள்ளேயே தவிப்பார்.

போன விடுமுறையில் கார்னிவல் வந்தது. என் இரண்டு மகள்மாரும் நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். நான்தான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளித் தள்ளிக் கடைசி நாளில் கூட்டிப்போனேன். மனைவிக்குக் காய்ச்சல். வாப்பாவை அவள் பொறுப்பில் விட ஏலாது என்பதால் அவரையும் எங்கள் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். பொழுதுபட்டு, மகரிப் தொழுதுவிட்டுத்தான் புறப்பட்டோம். பாலம் இருக்கிறதே, என்ன அவசரம்.

மைதான வாசலில் வாப்பா நின்றுவிட்டார். ராட்டினம் முழு வெளிச்சத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"லைட் போட்டுட்டான்," என்றார். யாரிடமும் சொன்னதல்ல அது. பிறகு என் சட்டைக் கையைப் பிடித்தார். "மகன், நாம இதுல ஏறுவமா?"

அப்போதுதான் என் மரமண்டைக்கு விளங்கியது. இவரும் இதைக் கண்டதில்லை. நாங்கள் ஏறாமல் திரும்பிய ஒவ்வொரு முறையும் இவரும்தான் ஏறாமல் திரும்பியிருக்கிறார்.

"ஓம் வாப்பா, ஏறுவம்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் வரிசை நீண்டு கிடந்தது. மகள்மார் முதலில் மற்றதெல்லாம் ஏறவேண்டும் என்று அடம்பிடித்தார்கள். ஒரு தேத்தண்ணீர்க் கடைக்காரரிடம் சொல்லி வாப்பாவைக் கதிரையில் இருத்திவிட்டு அவர்களோடு அலைந்தேன். திரும்பி வரும்போதெல்லாம் "இப்ப ஏறுவமா?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்சத்தால வாப்பா," என்றேன். கடைசியில் சின்னவள் என் தோளிலேயே நித்திரையாகிவிட்டாள். பெரியவள் கால் நோகிறது என்று சிணுங்கினாள். எனக்கு விடிந்தால் கந்தோரில் வேலை. வரிசையோ குறைந்தபாடில்லை.

வீட்டுக்குப் போவோம் என்றேன். வாப்பா கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏறுவம் எண்டுதானே சொன்ன?"

நாளைக்கு வருவோம் என்றேன். நாளைக்குக் கார்னிவல் இருக்காது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கெஞ்சினேன். கையைப் பிடித்து இழுத்தேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. அந்த எரிச்சலில் சொன்னேன்:

"வாப்பா, பாதை போயிரும்."

உடனே எழுந்துவிட்டார். முகம் முழுக்கப் பயம். பெரியவளின் கையை எட்டிப் பிடித்தார். "வாங்க, வாங்க. உம்மாவைக் கூப்பிடு, கெதியா!" முழங்கால் நோவோடு அறையிலிருந்து குசினிவரை நடக்கவே கஷ்டப்படுகிற மனிதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். செருப்பொன்று கழன்றதும் தெரியவில்லை. ராட்டினத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் செருப்பைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் போனேன். சொன்னது பலித்துவிட்டது என்று எனக்கு அந்த நேரம் சந்தோசமாகக்கூட இருந்தது. அதை நினைக்கும்போதுதான் என் மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது.

வானில் என் பக்கத்தில் இருக்கையின் நுனியில் இருந்தபடி வழிநெடுக "கெதியா விடு, கெதியா விடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாலத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. வாப்பா ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்து அந்தத் தண்ணீருக்குள் தேடினார்.

"பாதையைக் காணல்லயே மகன். போயிற்றா?"

பொய்யை இனி எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று தெரியவில்லை.

"ஓம் வாப்பா. போயிற்று."

அழப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ பெரிய மூச்சொன்றை விட்டு இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். இத்தனை வருடத்தில் அந்த முகத்தில் அப்படி ஓர் ஆறுதலை நான் கண்டதில்லை.

"அப்ப நல்லம். இனி என்ன அவசரம். வானைத் திருப்பு மகன், புள்ளைகள் ராட்டினம் ஏறட்டும்."

பாலத்தில் வைத்து வானைத் திருப்ப ஏலாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாலம் முடிந்தது. அதற்குப் பிறகு வீதி அகலமாகத்தான் இருந்தது. நான் திருப்பவில்லை.