அழிக்கச் சொன்னது அண்ணிதான்

என் அண்ணிக்கு எதையும் போட்டது போட்டபடி விட்டு எழத் தெரியாது. நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் பையோடு வந்து இறங்கினால், செருப்பைக் கழற்றுவதற்குள் என் அழுக்குத் துணி வாளியில் ஊறிக்கொண்டிருக்கும். அவர் எழுதும் கணினி நிரலும் அப்படித்தான்.

தொண்டை அறுவை சிகிச்சையில் குரலை இழக்கப்போகிறவர்கள் முன்கூட்டியே பேசிப் பதிவு செய்துவிட்டால், பிறகு கணினி அவர்கள் குரலில் பேசும். அதற்கான மென்பொருளைத்தான் அண்ணியின் அலுவலகத்தில் செய்கிறார்கள். பதிவுகள் ஒரு தற்காலிக ஃபோல்டரில் இருக்கும். குரலை உருவாக்கி உரியவரிடம் கொடுத்த பின் செஷனை, அதாவது அந்த வேலைக்காகத் திறந்த அமர்வை, மூடினால் அந்த ஃபோல்டர் தானாகவே அழிந்துவிடும். யாரும் ஞாபகம் வைத்து அழிக்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததா என்று அது பார்க்காது, மூடினால் அழிக்கும். அதற்கான சில வரிகளை எழுதியது அண்ணி. அடுத்தவர் குரல் நம்மிடம் தங்கக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

பிறகு அவருடைய அப்பாவுக்கே தொண்டையில் கட்டி வந்தது. எனக்கு மாமா முறை. நான் திரும்பி வந்திருந்த வாரம் அது. ஒலிப்பதிவு அறையில் தண்ணீர் பாட்டிலோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி கொடுத்த தாளிலிருந்த வாக்கியங்களை மாமா ஒவ்வொன்றாகப் படித்தார்.

“‘பேருந்து நிலையத்தில் கூட்டம் குறைவு.’ நான் எப்பம்மா இப்படிப் பேசியிருக்கேன்?”

“படிங்கப்பா.”

“கல்யாணமான நாள்லருந்து உங்கம்மா வாயை மூடுங்கன்னா. கேட்டேனா? இப்ப டாக்டர் ஒரே நாள்ல சாதிச்சிடுவார்.”

“அதுவும் பதிவாயிடுச்சு,” என்று அண்ணி சிரித்தார்.

குரல் உருவாக இரண்டு நாள் பிடிக்கும். அதை ஓடவிட்டு அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போனார். பதிவுகளைத் தனியாகக் காப்பி எடுத்து வைக்கவில்லை. மற்றவர்களுக்கு இல்லாத சலுகை தன் அப்பாவுக்கு மட்டும் எதற்கு என்று விட்டுவிட்டார்.

மாமா ஆபரேஷன் தியேட்டரில் இருந்தபோது, ஏதோ மின்சார வேலைக்காக அலுவலகத்தில் எல்லாக் கணினிகளையும் அணைக்கச் சொல்லி உத்தரவு. அண்ணியின் பக்கத்து மேசைக்காரர் நல்ல மனிதர். சுவிட்சைத் தட்டாமல், ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்தி, செஷனை முறையாக மூடினார். சுவிட்சைத் தட்டியிருந்தால் அழிக்கும் வரிகள் ஓடியிருக்காது. பதிவுகள் அப்படியே கிடந்திருக்கும். முறையாக மூடியதால் எல்லாம் அழிந்துவிட்டன.

விஷயம் தெரிந்ததும் அந்தப் பக்கத்து மேசைக்காரர் ஆஸ்பத்திரிக்கே ஓடி வந்தார்.

“காப்பி வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்க்கா. ஒழுங்கா மூடித் தொலைச்சேன்.”

“நீ செஞ்சது சரிதான். அந்த ப்ரோகிராமும் நான் சொன்னதைத்தான் செஞ்சிருக்கு.”

“பழைய வீடியோ ஏதாவது?”

“எல்லாத்துலயும் ஒரே இரைச்சல். குரல் உருவாக்கப் பத்தாது.”

“அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கற மாதிரி மாத்திடலாம்க்கா.”

“கேட்டா எல்லாரும் இருக்கட்டும்னுதான் சொல்வாங்க. அப்புறம் யார் யார் அப்பா குரலோ நம்ம மெஷின்ல கிடக்கும். வேணாம்.”

சொல்லி முடித்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அவர் முதுகில் கை வைத்தேன்.

மயக்கம் தெளிந்த மாமா உதட்டை அசைத்தார். காற்றுதான் வந்தது. உடனே அண்ணியின் மடிக்கணினியைக் காட்டி, போடு என்று கையசைத்தார். ஏதோ குறும்பு செய்யப்போகிறவர் போல. அண்ணி அதைத் திறக்கவில்லை.

“இன்னும் ஓடிட்டிருக்குப்பா,” என்றார்.

மாமா தலையாட்டிவிட்டுக் காத்திருக்க ஆரம்பித்தார்.