வேரோனிக்காவின் பயித்தங்கொட்டை

வேரோனிக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஸ்காபரோவின் மல்வேர்னில் அவளைத் தெரிந்த எவரும் இதை மறுக்கமாட்டார்கள், அவளும் மறுக்கமாட்டாள். ஆனால் கையும் லேசுப்பட்டதல்ல. மன்னாரிலிருந்து கொண்டுவந்த பயித்தங்கொட்டையை, நீளக் காய் காய்க்கும் பயிற்றையின் விதையை, வரிசைவீடான ரவுன்ஹவுஸின் பின்வளவில் முதன்முதல் நட்டபோது, காய்க்குமுன்னே குளிர் வந்து கொடிகள் கருகிப்போயின. ஒரேயொரு கொடி முந்திக் காய்த்தது. அதன் கொட்டையை அடுத்த வருடம் நட்டாள். அதிலும் முந்தியதை மறுபடி விதைக்கு விட்டாள். இப்படிப் பதினைந்து வருடம் மல்லுக்கட்டி, கனடாக் கோடைக்குள் காய்க்கிற பயிற்றையை உண்டாக்கிவிட்டாள். ஒவ்வொரு செப்டெம்பரும் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிடி கொட்டை கொடுப்பாள்.

வேலை செய்த ஃபக்டரி மூடியதும், இனி வயல்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கணவன் சூசைதாசன் தலையில் கைவைத்துக்கொண்டே காரை எடுத்தார். நகரத்துக்கு மேற்கே, வில்லோ கவுண்டி. நடுவே ஆறு, கரையோரம் கறுத்த வண்டல், அதற்கப்பால் மேடு. ஒருகாலத்தில் அந்த ஆற்றின் வேகத்தில் மா ஆலைகள் சுழன்றன. மாவைப் படகுகள் ஏற்றிப்போயின. ரயில் வந்ததும் படகுகள் படுத்தன, பின்னால் ஆலைகளும் படுத்தன. பிறகு புகையிலை கொடிகட்டிப் பறந்து, அதுவும் ஓய்ந்தது. இன்று சோயாவும் சோளமும்தான். இளசுகள் நகரத்து வேலைக்குப் போய்விட, வயல்களுக்கு ஆளில்லை. மெலனி என்ற விவசாயி ஆற்றோரத் துண்டொன்றை வேரோனிக்காவுக்குக் குத்தகைக்கு விட்டாள்.

அந்த ஊரின் பழைய வீடுகள், கொட்டில்கள் எல்லாம் மேட்டில்தான் நின்றன.

“தண்ணி இஞ்சை கிடக்க, உவையள் மேட்டிலை போய்க் கட்டியிருக்கினம். விசருகள்!” என்றாள் வேரோனிக்கா.

வசந்தத்தில் ஆறு பொல்லாதது, கன்றுகளை மேட்டில் வை என்று மெலனி சொல்லத்தான் செய்தாள். வேரோனிக்கா வானத்தைப் பார்த்தாள். ஒரு முகில்கூட இல்லை. மன்னாரில் முதலில் மழை வரும், பிறகுதான் வெள்ளம் வரும். “மழையில்லாமல் ஆறு எப்பிடியப்பா பெருகும்?” என்று கணவனிடம் கேட்டுவிட்டு, கரையோரமே பிளாஸ்ரிக் கூடாரம் போட்டு, வயலுக்கென்று போன செப்டெம்பரில் ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்த விதை முழுவதையும் முளைக்கப்போட்டாள். ஒரு கொட்டை மிச்சம் வைக்கவில்லை.

நல்ல வெயிலடித்த ஒருநாள், ஆற்றின் மேற்பக்கத்தில் பனி உருகி, ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து, பாலத்தடியில் அடைபட்டது. தண்ணீர் போக வழியில்லாமல் வயலுக்குள் ஏறியது. மெலனி போன் பண்ணி, இவர்கள் ஓடிப்போனபோது கூடாரம் இருந்த இடத்தில் ஃபிரிட்ஜ் அளவுப் பனிக்கட்டிகள் கிடந்தன. மேட்டு வீடுகளில் ஒரு சொட்டு ஈரமில்லை. வேரோனிக்கா சேற்றில் நின்று வாய்விட்டு அழுதாள். வயல் போனால் வேறு வயல். பதினைந்து வருடப் பயிற்றைக்கு எங்கே போவது?

பூசைக்கு வரும் அத்தனைபேருக்கும் போன் போட்டாள். எல்லோரும் நட்டிருந்தார்கள், காய்த்திருந்தது, சுண்டிச் சாப்பிட்டும் இருந்தார்கள். விதைக்கு விட்டவர் ஒருவரும் இல்லை.

“நீங்கள் வருசா வருசம் தருவியள்தானே எண்டு விட்டிட்டம், அக்கா.”

மிஞ்சியது ஸ்ரௌவ்வில் என்ற ஊரிலிருந்த கரோலின், சூசைதாசனின் தம்பி மனைவி. புதுவீட்டில் புல்லைத்தவிர ஒன்றும் வளர்க்காதவள். “கொட்டையைக் குப்பையிலைதான் போட்டிருப்பாள்” என்று வேரோனிக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருந்தாள். இப்போது அவளுக்கே போன் எடுக்க வெட்கமாக இருந்தது. சூசைதாசன்தான் எடுத்தார்.

அன்று பின்னேரமே கரோலின் வந்தாள், ஒரு ஜாம் போத்தலோடு. விளிம்புவரை பயித்தங்கொட்டை.

“நான் ஒருக்காலும் நடேல்லை, அக்கா. எனக்கு உது சரிவராது. நீங்கள் தந்ததை எறியவும் மனம் வரேல்லை. ஃபிரிட்ஜுக்கை போட்டு வைச்சிட்டன்.”

வேரோனிக்கா போத்தலை வாங்கி மேசையில் வைத்தாள். கரோலினைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கன்றுகள் மேட்டில், மெலனியின் கொட்டிலுக்குப் பக்கத்தில் வளர்ந்தன. ஆறு விட்டுப்போன புது வண்டலில் நட்டபோது கொடிகள் எழும்பிய எழும்பலைப் பார்க்கவேண்டுமே! ஓகஸ்டில் ஸ்காபரோக் கடைகளுக்குக் கட்டுக்கட்டாய்ப் பயித்தங்காய் வந்தது.

செப்டெம்பரில் பூசை முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு பிடி. கரோலினுக்கு மட்டும் இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தாள்.

“இந்தா, பத்திரம்” என்றாள். “தப்பித்தவறியும் நட்டுப்போடாதை.”