தோட்டாவின் மேல் பழி

சுடுவதற்கு முன்பே திட்டத் தொடங்கிவிடுவார் வின்கோ. முதலில் காற்றை, பிறகு வெயிலை, அப்புறம் துப்பாக்கியின் மேல் ஸ்கோப் என்கிற குறிநோக்கியைப் பூட்டியிருக்கும் திருகாணிகளை. வேட்டைச் சங்கத்தின் சுடுகளம் பழைய கல்குவாரி ஒன்றில் இருக்கிறது. அங்கே பாயில் குப்புறப் படுத்து, முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும் இலக்குத் தாளைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்.

ஸோச்சா ஆற்றங்கரைப் பண்ணைகளில் பால் எடுக்கும் லாரியை ஓட்டுகிறவர். வழிவிடாதவனையும் திட்டுவார், வழிவிட்டவனையும், "இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதாக்கும்" என்று திட்டுவார். கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான்.

இந்த வருஷம் அதற்குக் காரணமும் இருந்தது. சங்கத்துக்கு ஒரே ஒரு மலையாட்டைச் சுடத்தான் அனுமதி. பல வருஷம் காத்திருந்து இப்போதுதான் வின்கோவின் முறை வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நடக்கும் சுடும் தேர்வில் குறி தவறினால் அந்த வாய்ப்பு அடுத்து வரிசையில் நிற்கும் மிர்கோவுக்குப் போய்விடும். ஆனால் ஸ்கோப்பை எப்படித் திருகினாலும் குண்டுகள் தாளில் திசைக்கொன்றாகப் போய் விழுந்தன.

"எல்லாம் இந்தத் தோட்டா பண்ற வேலை! சமையல் மேசையில உட்கார்ந்து மருந்து அடைச்சா வேற எப்படி இருக்கும்?"

வெடிமருந்தை எடைபோட்டு அடைத்தது அவர் மனைவி ஸ்லாவ்கா. பின்னால்தான் நின்றிருந்தார். சுற்றிக் கூடியிருந்த சங்கத்துக்காரர்கள் சிரித்தார்கள்.

"அக்கா, அந்த ஆட்டுக்கு எனக்கும் நாலு அடைச்சு வையுங்க!" என்றான் மிர்கோ, தொத்திறைச்சியை மென்றபடி.

ஸ்லாவ்காவின் முகம் சிவந்தது. "எந்திரிக்காதே. அடுத்ததை நானே போடறேன்" என்று குனிந்து, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டினார்.

வின்கோ மூச்சைப் பிடித்து விசையை இழுத்தார். டிக். அவ்வளவுதான், வெடிக்கவில்லை. ஆனால் குழல் மட்டும் கீழே குத்தி எழுந்தது. தோள் முன்னால் பாய்ந்தது. இரண்டு கண்களும் இறுக மூடியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

ஸ்லாவ்கா தோட்டாவை வெளியே எடுத்துக் காட்டினார். "வெறும் கூடு. மருந்தும் இல்ல, மண்ணும் இல்ல. இப்பச் சொல்லு, துப்பாக்கியை எது ஆட்டுச்சு?"

"ஊர் முன்னால என் மானத்தை வாங்கறியா?"

"நீ மட்டும் என் வேலையை வீட்டுக்குள்ள வச்சா பழிச்சே?"

வின்கோவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போன இலையுதிர் காலத்தில், ஒரு சரிவில் படுத்துச் சுட்டபோது துப்பாக்கி உதைத்து, ஸ்கோப் புருவத்தைப் பிளந்துவிட்டது. லாரிக் கதவு இடித்துவிட்டதாக ஊரில் சொல்லி வைத்திருந்தார். புண் ஆறிவிட்டது, பயமும் ஆறிவிட்டது என்றுதான் நினைத்திருந்தார். அடுத்த உதைக்குப் பயந்து மூடிக்கொண்டு, சொந்தக் கண்ணே தன்னை ஏமாற்றியிருக்கிறது! அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது?

"அண்ணே, ஞாயித்துக்கிழமை நீங்க வரணுமா..." என்று இழுத்தான் மிர்கோ.

"வாயை மூடுடா!"

வின்கோ துப்பாக்கியின் பூட்டைத் திறந்து வைத்தார். ஒரு கைப்பிடி தோட்டாக்களை அள்ளி, திரும்பிப் பார்க்காமலே மனைவி பக்கம் நீட்டினார்.

"போடு. வெறுங்கூட்டையும் கலந்து போடு. எது எதுன்னு எனக்குக் காட்டாதே. இந்தக் கண்ணு மூடறத நிறுத்தறவரை விடமாட்டேன்" என்று உறுமிவிட்டு, முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.