பாம்பாமின் என்ஜின் செக்‌ஷன்

முப்பத்தொரு வருஷம் கார் ஃபேக்டரியில் வேலை பார்த்தவருக்கு அங்கே வைத்த பெயர் பாம்பாம். வரிசையில் வந்து நிற்கும் ஒவ்வொரு புதுக் காருக்குள்ளும் கையை விட்டு ஹாரனை அழுத்திப் பார்ப்பது அவர் வேலை. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. சத்தம் சரியாக இருந்தால் அட்டையில் ஒரு டிக். அந்த டிக் விழாமல் ஒரு கார்கூட வெளியே போனதில்லை என்று அவர் பீற்றிக்கொள்ளலாம். பீற்றிக்கொண்டதில்லை. ஏனென்றால் வீட்டில் அவர் என்ஜின் செக்‌ஷன்.

இந்தப் பொய்யைப் பெற்றவர் அவர் அல்ல, வளர்த்தவர் மட்டுமே. கல்யாணப் பேச்சில் மாமனார், "மாப்பிள்ளை எந்த செக்‌ஷன்?" என்று கேட்க, இவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டு "என்ஜின்" என்றார். ஹாரன் அடிக்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பது அண்ணனின் கவலை. சமயம் வரும்போது மனைவியிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தார். சமயம் வரவில்லை. பிள்ளைகள் வந்தார்கள், ரிட்டயர்மென்ட் வந்தது. பிறகு ஃபேக்டரியை மூடிக் கலை மையமாக மாற்றி, பழைய தொழிலாளர்கள் குடும்பத்தோடு வரவேண்டும் என்று கடிதமும் வந்தது. அதை முதலில் பிரித்தது மனைவி என்பதுதான் வினை.

"நீங்க நின்ன இடத்த ஒரு தடவையாவது பாக்கணுங்க."

"ஒரே தூசியா இருக்கும். உனக்கு ஒத்துக்காது."

"முப்பத்தொரு வருஷம் உங்களுக்கு ஒத்துக்கிச்சு. எனக்கு அரை நாள் ஒத்துக்காதா?"

வாசலில் ஒரு பெண் சட்டையில் குத்திக்கொள்ள அட்டை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த செக்‌ஷன் ஐயா?"

மனைவி பக்கத்திலேயே நின்றார். பாம்பாம் தொண்டையைச் செருமி, இருமலோடு இருமலாக "என்ஜின்" என்றார். அவள் அதைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

உள்ளே போனதும் ஒரு சின்னச் சிக்கல். என்ஜின் செக்‌ஷனில் அவர் காலடி வைத்ததே இல்லை. இப்போதோ பாதிச் சுவரை இடித்து நாடக மேடை, மீதிச் சுவரில் ஓவியம். யாருக்குத் தெரியப்போகிறது என்று துணிந்து, தடித்த குழாய்கள் ஓடிய ஒரு நீள அறையில் நின்றார்.

"இங்கதான். இந்தக் குழாய்லதான் ஆயில் வரும். நான் இப்படி நின்னு..." என்று கையைத் திருப்பிக் காட்டினார். அந்தத் திருப்புக்கு ஊறுகாய் பாட்டில் திறக்குமே தவிர என்ஜின் ஓடாது.

பின்னால் நின்ற வழிகாட்டி தயங்கித் தயங்கி, "ஐயா, இது கேன்டீன் பாத்திரம் கழுவுன இடம்" என்றார்.

கேன்டீனில் பாம்பாம் சாப்பிட்டதுண்டு, கழுவப் போனதில்லை. "மாத்திட்டாங்க போல" என்று நடையைக் கட்டினார். மனைவி குழாயை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் நடந்தார்.

அடுத்த அறையில் ஃபேக்டரியின் பழைய சத்தங்களை ஹெட்ஃபோனில் கேட்க வைத்திருந்தார்கள். மனைவி மாட்டிக் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தவர் சட்டென்று கழற்றி அவர் காதில் வைத்தார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. வீட்டு காலிங் பெல்லை அவர் தினமும் அடிக்கிற அதே தாளம்.

"இது நீங்கதானே?"

"அது வந்து... அண்ணன்தான் அன்னைக்கு..."

"உங்க சட்டைய தொவச்சவ நான். கல்யாணமான மொத வாரமே தெரியும். என்ஜின்ல வேல பாக்கறவர் சட்டையில ஒரு சொட்டு ஆயில்கூடவா இருக்காது? என்ன வேலைன்னுதான் பிடிபடல. பியூனோன்னு நெனச்சேன்."

பாம்பாமுக்கு அவமானத்தைவிட வருத்தம்தான் பெரிதாக இருந்தது. எத்தனை கதை ஜோடித்திருப்பார். பிஸ்டன் என்றால் என்னவென்று படிக்க நூலகத்துக்கெல்லாம் போயிருக்கிறார். சம்பளத்துக்குச் செய்த வேலையில்கூட அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"பிஸ்டன் கத சொல்றப்ப உங்க மொகம் நல்லா இருக்கும். அத எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

பாம்பாம் விறுவிறுவென்று வாசலுக்கு வந்து அட்டையைக் கழற்றி நீட்டினார். "இத மாத்தணும்மா. நான் ஹாரன்."

அவள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தாள், கீழிருந்து மேலாகவும் பார்த்தாள். "ஹாரன்னு ஒரு செக்‌ஷனே இதுல இல்லையே ஐயா."

பின்னாலேயே வந்துவிட்ட மனைவி அட்டையை வாங்கி, அவர் சட்டையில் மறுபடி குத்தினார்.

"என்ஜின்னே இருக்கட்டும்மா. எங்களுக்குப் பழகிடுச்சு."